படப்பு எரிஞ்ச மறுநாள் காலையில எழுதியிருக்க வேண்டியது

பெரியம்மா எங்க வக்கீல் ஆபீஸ் படியேறி வந்தப்ப காலையில எட்டு மணிகூட ஆகல. சீனியர் இன்னும் வரல, ஜூனியர் நான்தான் கதவத் தொறந்து கட்டெல்லாம் எடுத்து அடுக்கிட்டு இருந்தேன். 2019 பங்குனி மாசம், அந்த நேரத்துலயே வேர்க்க ஆரம்பிச்சிருச்சு. அவங்க கையில ஒரு மஞ்சப்பை. பெஞ்சுல உக்காந்த வேகத்துல பைய என் மேசை மேல வச்சு வாயப் பிரிச்சுக் காட்டுனாங்க. உள்ள கரிஞ்ச வைக்கோல், ரெண்டு கைப்பிடி இருக்கும், அடியில எல்லாம் சாம்பலாப் போயி மேல மட்டும் கொஞ்சம் தாள் மஞ்சளாத் தெரிஞ்சுது. "மோந்து பாருங்க தம்பி, சீமெண்ணெ வாடை அடிக்குதா இல்லையா"ன்னாங்க. மோந்து பார்த்தேன். எனக்குப் புகை வாடைதான் அடிச்சுது, அத அவங்ககிட்ட சொல்ல மனசு வரல.

நேத்து ராத்திரி அவங்க படப்பு எரிஞ்சு போச்சு. வைக்கோல் போர்னு மத்த ஊர்ல சொல்றதத்தான் எங்க பக்கம் படப்புன்னு சொல்லுவோம். ரெண்டு கறவை மாட்டுக்கு வருஷம் முழுக்கத் தீனி அதுதான். பக்கத்துல பத்தடி தள்ளி ஒரு கூரைக் கொட்டகை, அதோட ஒரு மூலையும் கரிஞ்சிருக்கு, ஊர்க்காரங்க குடத்தத் தூக்கிட்டு ஓடி வந்து அணைச்சதால மிச்சம் நின்னுச்சு. வச்சது யாருன்னு கேட்டா ஒரு நொடிகூட யோசிக்கல, வரப்புத் தகராறுல மூணு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்துக் காட்டுக்காரர்னு சொன்னாங்க. அவங்க சொன்ன முறையில ஒரு சந்தேகமும் இல்ல. எனக்கும் அன்னைக்கு சந்தேகம் இல்ல.

நாலு வருஷம் கழிச்சு கேஸ் விடுதலை ஆச்சு. அந்தத் தீர்ப்ப நான் பல தடவ படிச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் தோணுறது ஒண்ணுதான், இந்தக் கேஸ் கோர்ட்டுல தோக்கல, எரிஞ்ச மறுநாள் காலையில எழுதுன புகார்லயும், சம்பவ இடத்தப் பார்த்து போலீஸ் எழுதுற மகசர்லயும் தோத்திருச்சு. அதனாலதான் இத எழுதுறேன், தீ வச்ச கேஸ்னா சட்டம் என்னென்ன கேக்கும், அத எப்போ எப்படி எழுதி வைக்கணும்னு தெரியாம நல்ல கேஸ்கள் சாம்பலோட சேர்ந்து போறதப் பார்க்கச் சகிக்கல.

முதல்ல ஒரு விஷயம், "தீ வைப்பு"ன்னு தனியா ஒரு குற்றம் நம்ம சட்டத்துல கிடையாது. இங்கிலாந்துல ஆர்சன்னு ஒரு பேர் இருக்கு, அங்க பழைய காலத்துல அடுத்தவன் குடியிருக்குற வீட்ட வஞ்சம் வச்சு எரிக்கிறதுதான் ஆர்சன், தன் வீட்ட எரிச்சா சேராது, வயக்காட்டக் கொளுத்துனா சேராது, சுவரு புகை படிஞ்சு கருத்தா மட்டும் பத்தாது, மரமே கொஞ்சமாவது கரியாகணும். நம்ம இ.பி.கோ., அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டம், அந்த வழியில போகல. இங்க அடிப்படைக் குற்றம் 425, மிஸ்சீஃப், தமிழ்ல சொத்துக்குச் சேதம் விளைவிக்கிறதுன்னு சொல்லலாம். அந்தச் சேதத்த நெருப்பால செஞ்சா தண்டனை ஏறும், அவ்வளவுதான். அதுக்குப் பதிலா 2024 ஜூலை 1-லருந்து வந்த பாரதிய நியாய சம்ஹிதாவுலயும் அதே கட்டுமானம்தான், 425 இப்போ 324 ஆயிருக்கு, நெருப்பு விவகாரம் 326-க்குள்ள எஃப், ஜி-ன்னு ரெண்டு உட்பிரிவா போயிருச்சு. பெரியம்மா கேஸ் 2019 சம்பவம்ங்கறதால பழைய சட்டம்தான், குற்றம் நடந்த அன்னைக்கு என்ன சட்டமோ அதுதான் பொருந்தும்.

அதனால "தீ வச்சான்"னு நாம ஒரே மூச்சுல சொல்ற சொல்ல கோர்ட்டு துண்டு துண்டா பிரிச்சுக் கேக்கும். சொத்துக்கு சேதம் ஆச்சா, அது நெருப்பால ஆச்சா, அந்த நெருப்ப ஒரு ஆள் வச்சானா தானாப் பத்துச்சா, வச்சவன் இந்த ஆளுதானா, வைக்கும்போது அவன் மனசுல என்ன இருந்துச்சு, எரிஞ்சது எந்த வகைச் சொத்து. இதுல எது ஒண்ணு உடைஞ்சாலும் மொத்தமும் போச்சு. ஊர்ல எல்லாரும் நாலாவது கேள்விய மட்டும்தான் பேசுவாங்க, யாரு யாருன்னு. கேஸ் சாகுறது பெரும்பாலும் மூணாவதுலயும் ஆறாவதுலயும்.

கடைசிக் கேள்வியில இருந்தே வர்றேன், அதுதான் எங்களுக்கு முதல்ல இடிச்சுது.

435-ம் 436-ம் பக்கத்துப் பக்கத்துல இருக்குற செக்ஷன்தான், ஆனா ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 435-ல பொதுவா எந்தச் சொத்த எரிச்சாலும் வரும், நூறு ரூபாக்கு மேல சேதம் பண்ற நோக்கம் இருக்கணும், விவசாய விளைபொருளா இருந்தா பத்து ரூபா போதும்னு எழுதியிருக்கும், அந்த நூறும் பத்தும் அந்தக் காலத்துக் கணக்கு, புது சட்டத்துல தொகையையே எடுத்துட்டாங்க. தண்டனை 7 வருஷம் வரைக்கும், ஆனா பெயில் கிடைக்கக்கூடிய குற்றம், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டே விசாரிக்கும். 436 வேற மாதிரி. எரிக்க நினைச்சது ஒரு கட்டடமா இருக்கணும், அந்தக் கட்டடம் வழக்கமா சாமி கும்பிடுற இடமாவோ, மனுஷங்க குடியிருக்குற இடமாவோ, பொருள் பத்திரமா வைக்கிற இடமாவோ இருக்கணும். அப்படின்னா ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம், இல்லேன்னா 10 வருஷம் வரைக்கும், பெயில் ஈசியா கிடைக்காது, செஷன்ஸ் கோர்ட்டு விசாரணை.

இப்போ பெரியம்மாவோட கொட்டகையப் பாருங்க. படப்பு மட்டும் எரிஞ்சிருந்தா 435, சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கொட்டகைக்குள்ள அவங்க மருந்தடிக்கிற ஸ்பிரேயர், ரெண்டு மூட்டை உளுந்து விதை, யூரியா, பழைய மோட்டார், கலப்பைக் கொழு எல்லாம் வச்சுப் பூட்டி வச்சிருந்தாங்க. பூட்டு எரிஞ்ச மூலையிலயே தொங்கிட்டு இருந்துச்சு, மறுநாள் நானும் சீனியரும் போனப்ப கண்ணால பார்த்தோம், தொட்டா இன்னும் சூடு. பொருள் பத்திரமா வைக்கிற இடம்னு சட்டம் சொல்றதுக்கு இதவிட என்ன வேணும்? அதுவும் கட்டடம் முழுசா எரிஞ்சு தரைமட்டம் ஆகணும்னு 436 கேக்கல. நெருப்பால ஏதாவது சேதம் நடந்திருக்கணும், கட்டடம் அழியணும்ங்கற நோக்கமோ, அழிய வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சோ செஞ்சிருக்கணும், அது போதும். மூலை கரிஞ்சதோட ஊர்க்காரங்க அணைச்சது அவங்க புண்ணியம், வச்சவனோட குற்றம் அதனால குறைஞ்சிராது.

ஆனா புகார்ல என்ன இருந்துச்சு தெரியுமா. ராத்திரியோட ராத்திரியா ஸ்டேஷனுக்கு ஓடுனப்ப அழுதுக்கிட்டே இவங்க சொல்ல அங்க இருந்தவர் எழுதுனது ஒன்றரைப் பக்கம், அதுல "எனக்குச் சொந்தமான வைக்கோல் படப்பு தீப்பற்றி எரிந்து சேதமானது"ன்னு இருந்துச்சு, கொட்டகைங்கற வார்த்தையே இல்ல. போலீஸ் இடத்த வரஞ்சு வச்ச ஸ்கெட்ச்ல கொட்டகை ஒரு சின்னக் கட்டமா இருந்துச்சு, உள்ள என்ன இருந்துச்சுன்னு மகசர்ல ஒரு வரி இல்ல. எஃப்.ஐ.ஆர். 435-ல பதிவாச்சு. செக்ஷன மாத்துங்கன்னு நாங்க மனு போட்டு அலைஞ்சோம், கொட்டகை சும்மா நிழலுக்குப் போட்டது, மூலை லேசா கருகுனதுதான்னு பதில் வந்துச்சு. விதை மூட்டையும் மோட்டாரும் உள்ள இருந்துச்சுன்னு பின்னாடி விசாரணையில இவங்க சொன்னப்ப எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திரிச்சு, இத முதல் புகார்ல ஏன் சொல்லல, போலீஸ் வாக்குமூலத்துல ஏன் சொல்லல, இப்போ சேர்த்துச் சொல்றீங்களான்னு கேட்டாரு. பெரியம்மா "மாடு பட்டினி கெடக்குமேன்னுதான்யா அப்போ நெனப்பு ஓடுச்சு"ன்னாங்க. உண்மையான பதில். ஆனா ரெக்கார்டுல அது முரண்பாடாத்தான் நின்னுச்சு.

கூரை வேஞ்ச கொட்டகை கட்டடமாங்கற சந்தேகமும் சிலருக்கு வரும். குடியிருக்குற குடிசை எல்லாத்துக்கும் மேல 436-க்குள்ள வரவேண்டியது, செங்கல்லா ஓலையாங்கறது கேள்வியில்ல, வழக்கமா எதுக்குப் பயன்படுதுங்கறதுதான் கேள்வி. பாதி கட்டி யாரும் குடிபோகாம நிக்கிற வீடுன்னா அங்க வாதம் பண்ண இடமிருக்கு. எரியும்போது உள்ள ஆள் இருந்தாங்களா இல்லையாங்கறதும் 436-க்கு அவசியமில்ல, குடும்பமே திருவிழாவுக்குப் போயிருந்தாலும் அது வீடுதான்.

குடிசைன்னு சொன்னவுடனே கீழ்வெண்மணிய நினைக்காம இருக்க முடியல. 1968 டிசம்பர் 25, அன்னைக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்த ஊரு, கூலி கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளிகளோட குடும்பங்க, உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள்ள ஒளிஞ்சவங்களத்தான் வெளிய கொளுத்துனாங்க, 44 பேர், பொம்பளைங்க, பிள்ளைங்க. கீழ்க் கோர்ட்டுல தண்டனை ஆச்சு, 1973-ல சென்னை ஹைகோர்ட்டு விடுதலை பண்ணுச்சு. அவ்வளவு வசதியுள்ள மிராசுதார்கள் தாங்களே நேர்ல நடந்து போயி தீ வச்சிருப்பாங்கன்னு நம்புறது கஷ்டம்ங்கற மாதிரி ஒரு பார்வை அந்தத் தீர்ப்புல இருந்தத சட்டம் படிக்கிற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சு வச்சிருக்கணும். யாரு வச்சாங்கங்கற கேள்விக்குள்ள எத்தன கனம் அடங்கியிருக்குன்னு அதுல தெரியும். அதுக்கப்புறம் 1989-ல வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல, பட்டியல் சாதி, பழங்குடி மக்களோட வீட்டையோ கோயிலையோ பொருள் வைக்கிற இடத்தையோ பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஒருத்தன் எரிச்சா ஆயுள் தண்டனைன்னு தனியா எழுதியிருக்கு, செக்ஷன் 3(2)(iv). அந்த மக்கள் வீடு எரிஞ்ச கேஸ்ல வெறும் 435 மட்டும், இப்போன்னா 326 எஃப் மட்டும், போட்டு எஃப்.ஐ.ஆர். வந்தா அன்னைக்கே எதிர்த்துக் கேளுங்க, மறுவாரம் வரைக்கும் காத்திருக்காதீங்க.

அடுத்தது மனசு. இத நிறையப் பேரு தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. சேதம் பண்ணியே ஆகணும்னு கங்கணம் கட்டியிருக்கணும்னு அவசியமில்ல, சேதம் வர வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சிருந்தாலே போதும், சட்டத்துல நோக்கம்னும் அறிவுன்னும் ரெண்டையும் சொல்லியிருக்கு. அந்த அறிவ எப்படி நிரூபிப்பீங்க, ஒருத்தன் மண்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்க முடியாது, இடத்தையும் நேரத்தையும் வச்சுத்தான் காட்டணும். பங்குனி வெயில்ல காஞ்சு கெடக்குற படப்பு, பத்தடியில ஓலைக் கூரை, படப்புல இருந்து கொட்டகைப் பக்கமா அடிக்கிற காத்து, இந்த மூணும் தெரிஞ்ச ஒரு விவசாயி படப்புல தீக்குச்சியக் கிழிச்சுப் போட்டா கொட்டகையும் போகும்னு அவனுக்குத் தெரியாதா? தெரியும்னு கோர்ட்டு முடிவுக்கு வரலாம். ஆனா காத்து எந்தப் பக்கம் அடிச்சுச்சு, எத்தன அடி தூரம், ஓலை போன வருஷம் வேஞ்சதா பழசாங்கறதெல்லாம் மகசர்ல இருந்தாத்தான். எங்க கேஸ்ல தூரம் "அருகில்"னு இருந்துச்சு. அருகில்னா எவ்வளவு?

கவனக்குறைவு இதுல சேராது. பீடியக் குடிச்சுட்டு அணைக்காம வீசுனவன் மேல 285 வரும், இப்போ புது சட்டத்துல 287, ஆறு மாசம் வரைக்கும்தான் தண்டனை. ஆனா வீசுனதுக்கு அப்புறம் பத்திக்கிட்டத கண்ணால பார்த்துட்டுப் பேசாமப் போனா? சட்டக் கல்லூரியில எங்களுக்கு மில்லர் வழக்குன்னு ஒண்ணு சொல்லித் தருவாங்க, இங்கிலாந்து கேஸ், 1983-ல தீர்ப்பு. ஆளில்லாத வீட்டுக்குள்ள தங்கியிருந்த ஒருத்தர் சிகரெட் கையோட தூங்கிட்டாரு, முழிச்சுப் பார்த்தா மெத்தை கனன்னுக்கிட்டு இருக்கு, அவரு எழுந்திரிச்சு பக்கத்து ரூமுக்குப் போயி மறுபடி படுத்துக்கிட்டாரு. வீடு பத்திக்கிச்சு. பத்த வச்சது தெரியாம நடந்தது, ஆனா தான் உண்டாக்குன ஆபத்துன்னு தெரிஞ்சப்புறமும் அணைக்கவோ ஆளக் கூப்பிடவோ ஒண்ணுமே செய்யாம விட்டது குற்றம்னு அன்னைக்கு அந்த நாட்டோட உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் சொல்லிருச்சு. நம்ம இ.பி.கோ.லயும் செயல்னு சொன்னா சட்டவிரோதமா செய்யாம விடுறதும் அதுக்குள்ள அடங்கும்னு 32-வது செக்ஷன் இருந்துச்சு, புது சட்டத்துலயும் அது தொடருது, அதனால இந்த வாதம் நமக்கும் அந்நியமில்ல.

தன் சொத்தத் தானே எரிச்சா குற்றமில்லைன்னு ஒரு நம்பிக்கை ஊர்ல பலமா இருக்கு. தப்பு. 425-க்குக் கீழ உள்ள ரெண்டாவது விளக்கத்துலயே இருக்கு, குற்றவாளியோட சொந்தச் சொத்தா இருந்தாலும், கூட்டுச் சொத்தா இருந்தாலும் மிஸ்சீஃப் ஆகலாம். நஷ்டம் இன்னொருத்தருக்கு வந்தா போதும். அந்தச் சட்டத்துலயே உதாரணம் இருக்கு, இன்சூரன்ஸ் போட்ட கப்பல வேணும்னே மூழ்கடிக்கிறவன், கடனுக்கு ஜப்தி வரப்போகுதுன்னு தெரிஞ்சு தன் சாமானையே அழிக்கிறவன். கப்பலுக்குப் பதிலா கடைய வச்சுப் பாருங்க. குடிச்சுட்டு வந்து பொண்டாட்டி பிள்ளைங்க இருக்குற வீட்டக் கொளுத்துறவன் "என் வீடு, நான் எரிப்பேன்"னு சொன்னா அதையும் இதோட வச்சுப் பாருங்க. அந்தப் பொண்ணு புகார் கொடுக்க வந்தா, வீடு புருஷன் பேர்லதானே இருக்குன்னு திருப்பி அனுப்ப எந்தச் சட்டமும் இடம் கொடுக்கல.

பஸ்ஸு, கார் எல்லாம் கட்டடம் இல்ல, அதனால 436 வராது. தர்மபுரியில 2000 பிப்ரவரி 2-ம் தேதி, பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்குல ஜெயலலிதாவுக்குத் தண்டனைன்னு செய்தி வந்த அன்னைக்கு, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்ஸ இலக்கியம்பட்டியில எரிச்சாங்க, மூணு பொண்ணுங்க உள்ளயே கருகிப் போனாங்க. அங்க கேஸ் கொலையாத்தான் நின்னுச்சு. ஆளுங்க உள்ள இருக்குறது தெரிஞ்சே பெட்ரோல் ஊத்தி வைக்கிற நெருப்புல உயிர் போகும்ங்கறது சின்னக் குழந்தைக்கும் தெரியும், அந்த அறிவுதான் சொத்துச் சேதத்தக் கொலையா மாத்துது. மூணு பேருக்குத் தூக்குன்னு 2010-ல சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் உறுதியாச்சு, 2016-ல மறுசீராய்வுல ஆயுளாக் குறைச்சாங்க, 2018-ல விடுதலை பண்ணிட்டாங்க. எனக்கு அந்த விடுதலை இன்னைக்கும் செரிக்கல.

சரி, மூணாவது கேள்விக்கு வர்றேன். நெருப்ப யாராவது வச்சாங்களா?

பெரியம்மா பைய மோந்து பாருங்கன்னு சொன்னப்ப அவங்க சரியான கேள்வியத்தான் கேட்டாங்க. சீமெண்ணெயோ பெட்ரோலோ ஊத்தியிருந்தா அதோட தடயம் லேபுல தெரியும், சாம்பல்ல இருந்து ஆவிய எடுத்து மெஷின்ல பிரிச்சுப் பார்ப்பாங்க. ஆனா அந்த ஆவி பறந்து போற சாமான். துணிப்பையில, பிளாஸ்டிக் கவர்ல போட்டா வழியிலயே போயிரும், காத்துப் புகாத புது டின்னுல அடைச்சு சீல் வைக்கணும், அதுவும் எரிஞ்ச இடத்துல மேல கெடக்குற சாம்பல இல்ல, அடியில ஈரம் பிடிச்ச மண்ணோட சேர்த்து எடுக்கணும், எண்ணெய் கீழ இறங்கி மண்ணுலதான் தங்கும். ஒப்பிட்டுப் பார்க்க, எரியாத பக்கத்து மண்ணும் ஒரு டின்னு எடுக்கணும். எல்லாத்தையும் போலீஸ் எடுத்து மகசர் போட்டு கோர்ட்டு வழியா அனுப்பணும், நாம எடுத்துட்டுப் போனா அது யாரு எப்போ எதக் கலந்தாங்கன்னு கேள்வி வரும். மஞ்சப்பையில வந்த அந்த ரெண்டு கைப்பிடி வைக்கோலுக்கு கோர்ட்டுல ஒரு மதிப்பும் இல்ல. போலீஸ் சாம்பிள் எடுத்தாங்களான்னா, எடுத்தாங்க, மூணாம் நாள், பாலித்தீன் கவர்ல. லேப் ரிப்போர்ட்டுல எண்ணெய்த் தடயம் காணலைன்னு வந்துச்சு. ஊத்தலையா, ஊத்துனது பறந்துருச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த மாதிரி நேரத்துல பலன் குற்றவாளிக் கூண்டுல நிக்கிறவருக்குத்தான் போகணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல.

ஏன்னா இதோட மறுபக்கமும் பயங்கரமானது. அமெரிக்காவுல டெக்சாஸ்ல கோர்சிகானான்னு ஒரு ஊரு, 1991 டிசம்பர்ல ஒரு வீடு எரிஞ்சு மூணு சின்னப் பெண் குழந்தைங்க செத்துட்டாங்க, அப்பா கேமரன் டாட் வில்லிங்ஹாம் தப்பிச்சு வெளிய வந்துட்டாரு. தரையில குளம் மாதிரி கரிஞ்ச தடம் இருக்கு, அதனால எண்ணெய் ஊத்தியிருக்கு, ஜன்னல் கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டிருக்கு, அதனால சூடு அளவுக்கு மீறி ஏறியிருக்குன்னு விசாரிச்சவங்க சாட்சி சொன்னாங்க, அவருதான் வச்சாருன்னு மரண தண்டனை ஆச்சு. ரூம் முழுக்க ஒரே நேரத்துல பத்திக்கிட்டா எண்ணெயே இல்லாமலும் தரையில அந்த மாதிரி தடம் வரும்னும், கண்ணாடி அப்படி விரியிறது அணைக்கிறப்ப தண்ணி பட்டு சட்டுனு குளிர்றதாலன்னும் பின்னாடி நிபுணர்கள் சொன்னாங்க. அதுல ஒரு நிபுணரோட அறிக்கை தண்டனைய நிறைவேத்துறதுக்கு முன்னாடியே போயிச் சேர்ந்துச்சு. அப்படியும் 2004 பிப்ரவரியில அவருக்குத் தண்டனைய நிறைவேத்திக் கொன்னுட்டாங்க. அவரு வச்சாராங்கறதுக்கு முன்னாடி யாராவது வச்சாங்களாங்கற கேள்விய சரியாக் கேக்காம விட்ட கேஸ் அது. பெரியம்மா கேஸ்ல எதிர்த்தரப்பு அதே கேள்வியக் கேட்டப்ப எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா கேக்கக் கூடாதுன்னு சொல்ல முடியல.

எப்படிக் கேட்டாருன்னு சொல்றேன். "மாசியில மழை பேஞ்சுச்சாம்மா?" "பேஞ்சுச்சு." "களத்துல கெடந்த வைக்கோல் நனைஞ்சுச்சா?" "நனைஞ்சுச்சு, காய வச்சுத்தான் போட்டோம்." "நல்லாக் காயாத வைக்கோல அடைச்சுப் படப்பு போட்டா உள்ள புழுங்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" பெரியம்மா ஒரு நிமிஷம் நிதானிச்சாங்க, அப்புறம் "தெரியும், கை விட்டுப் பார்த்தா சூடாத்தான் இருக்கும்"னாங்க. அதோட உக்காந்துட்டாரு. ஈரத்தோட அடைச்ச வைக்கோல் உள்ளுக்குள்ள நொதிச்சு சூடேறி, சில சமயம் நாள் கழிச்சுத் தானாவே பத்திக்கும்ங்கறது உண்மை, விவசாயம் பண்றவங்களுக்குத் தெரிஞ்ச உண்மை. ஆனா அப்படிப் பத்துனா தீ உள்ளருந்து வெளிய வரும், நடுவுல கரிஞ்சு குழியா இருக்கும், முன்னாடியே ரெண்டு மூணு நாளா ஆவியும் புளிச்ச வாடையும் வரும். வெளியருந்து வச்சா ஓரத்துல கீழ ஆரம்பிச்சு மேல ஏறும். தீ முதல்ல எந்த இடத்துல தெரிஞ்சுதுன்னு முதல்ல ஓடி வந்த நாலு பேருகிட்ட அன்னைக்கே கேட்டு எழுதியிருந்தா இந்தக் கேள்விக்கு அங்கயே பதில் இருந்திருக்கும். யாரும் கேக்கல. அணைச்ச பிறகு மிச்சத்த வாரி ஒதுக்கிட்டாங்க, மாடு வந்து மேயும்னு இடத்தையும் சுத்தம் பண்ணிட்டாங்க. போட்டோ ஒண்ணே ஒண்ணு, யாரோ பையன் செல்லுல எடுத்தது, இருட்டுல வெறும் செவப்பாத்தான் தெரியுது.

யாருங்கறதுக்கு ஒரு சாட்சி இருந்தாரு, பக்கத்துத் தோட்டத்துல காவலுக்குப் படுத்திருந்தவரு. தீ வெளிச்சத்துல அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் ஓடுறதப் பார்த்தேன்னு சொன்னாரு. முகம் தெரியிற அளவுக்கு வெளிச்சம் வந்துருச்சுன்னா தீ வச்சு ரொம்ப நேரம் ஆகியிருக்கணுமே, வச்சவன் அதுவரைக்கும் அங்கயேவா நிப்பான், தீயப் பார்த்துத் தண்ணி எடுக்க ஓடுனவனா இருக்கலாமேன்னு கேட்டாங்க. இவரால பதில் சொல்ல முடியல. முன்விரோதம் இருமுனைக் கத்தின்னு கோர்ட்டுல அடிக்கடி சொல்லுவாங்க, வரப்புத் தகராறு அவரு வைக்கிறதுக்கும் காரணம் ஆகும், இவங்க அவரு மேல சொல்றதுக்கும் காரணம் ஆகும். நேரடி சாட்சி வலுவில்லாம சந்தர்ப்ப சாட்சியத்த மட்டும் நம்புனா, 1984-ல சரத் பிர்திசந்த் சர்தா வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொன்ன அளவுகோல் இருக்கு, சங்கிலியில ஒரு வளையம்கூட விட்டுப் போகக் கூடாது, இவர்தான் செஞ்சிருக்க முடியும்ங்கறதத் தவிர வேற எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. எங்க சங்கிலியில புழுங்குன வைக்கோல் ஒரு வளையத்த உடைச்சுது, பாலித்தீன் கவர் இன்னொண்ண.

2023-ல தீர்ப்பு வந்த அன்னைக்கு பெரியம்மா கோர்ட்டு வராண்டாவுல உக்காந்து "அப்போ தானா எரிஞ்சுதுங்கறாங்களா தம்பி"ன்னு கேட்டாங்க. இல்ல பெரியம்மா, வச்சாங்கன்னு நம்மளால காட்ட முடியலைங்கறாங்கன்னு சொன்னேன். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த அவங்களுக்குப் புரிய வைக்க எனக்கு அன்னைக்கு வார்த்தை வரல.

இத வாசிக்கிற யாருக்காவது இப்படி ஒண்ணு நடந்தா, இல்ல நீங்க ஊர்ல நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுக்குறவரா இருந்தா, தயவு செஞ்சு இதச் செய்ங்க. அணைச்ச பிறகு இடத்தத் தொடாதீங்க, மாட்ட வேற பக்கம் கட்டுங்க. விடிஞ்சவுடனே நாலு பக்கத்துலருந்தும் போட்டோ, கொட்டகையோ வீடோ பக்கத்துல இருந்தா ஒரு அடிக்குச்சியோ டேப்போ தரையில வச்சு தூரத்தோட போட்டோ. புகார்ல எரிஞ்சது மட்டும் இல்ல, எரிஞ்சதோட ஒட்டி என்ன இருந்துச்சு, அத நீங்க வழக்கமா எதுக்குப் பயன்படுத்துறீங்க, உள்ள என்ன வச்சிருந்தீங்க, பூட்டு இருந்துச்சான்னு ஒவ்வொண்ணா எழுதுங்க. முதல்ல பார்த்தவங்க பேரும் அவங்க தீய எந்த மூலையில பார்த்தாங்கங்கறதும் எழுதுங்க. எண்ணெய் வாடை அடிச்சா எந்த இடத்துல அடிச்சுதுன்னு எழுதி, சாம்பிள டின்னுல எடுக்கச் சொல்லி எழுத்துலயே கேளுங்க, நீங்களா எடுத்து வைக்காதீங்க. தீயணைப்பு வண்டி வந்திருந்தா அவங்க ரிப்போர்ட்ட கேட்டு வாங்குங்க. சந்தேகப்படுற ஆளோட பேர எழுதலாம், ஆனா பார்த்தேன்னு எழுதாதீங்க, பார்க்காம பார்த்தேன்னு எழுதுன ஒரு வரி மத்த உண்மையெல்லாத்தையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும். ஊர்ல பேசி முடிச்சுக்கலாம்னு சொல்லுவாங்க, 435-ம் 436-ம், இப்போ அதுங்க இடத்துல உள்ள 326 எஃப், ஜி-யும் கோர்ட்டுல சமாதானம் சொல்லி முடிக்கக்கூடிய குற்றப் பட்டியல்ல இல்லைங்கறதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க.

பெரியம்மா கேஸ் முடிஞ்சிரல. விடுதலைய எதிர்த்துப் பாதிக்கப்பட்டவங்களே அப்பீல் போகலாம்னு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சி.ஆர்.பி.சி. 372-ல 2009 கடைசியிலருந்து வழி இருந்துச்சு, அதுல செஷன்ஸ் கோர்ட்டுல போட்டிருக்கோம். ஸ்கெட்ச்ல இருக்குற அந்தச் சின்னக் கட்டத்த வச்சுத்தான் என் வாதம், அதோட சாட்சி ஒருத்தரு குறுக்கு விசாரணையிலயே வாய்தவறிச் சொன்ன ஒரு வரி இருக்கு, கொட்டகைப் பூட்ட உடைச்சு ஸ்பிரேயர வெளிய தூக்கிப் போட்டுட்டுத்தான் தண்ணி ஊத்துனோம்னு. பூட்டு, ஸ்பிரேயர், ரெண்டும் ரெக்கார்டுல இருக்கு, நாலு வருஷமா யாரும் கவனிக்கல, நானும் போன மாசம் ராத்திரி கட்டப் பிரிச்சுப் படிக்கிறப்பத்தான் கண்டுபிடிச்சேன். பெரியம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "அந்தப் பூட்டு எங்கிட்டதான் இருக்கு தம்பி, கொண்டு வரட்டுமா"ன்னாங்க.